அம்மாவின் வலது கன்னம்

9 ஜூன் 2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரமாகிறது. காலையில் சந்து முழுக்க எண்ணெய் வைத்த தலைகளும் புதுப் பைகளும். வாசல் தெளித்ததும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன். "நீ எந்த கிளாஸ்?" என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது? யாரும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பதை விட்டே நாளாகிறது. நான்தான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெயில் இறங்கவே இல்லை. எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் சுவரைப் பார்த்துக்கொண்டு சுற்றுகிறது. சுவரில் மோதித் திரும்பி வரும் காற்றுதான் எங்களுக்கு. அம்மாவின் வலது கன்னத்தில் நேராகக் காற்றுப் படக்கூடாது என்று ஆரம்பித்த பழக்கம். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. வலி போய்விட்டது. ஃபேன் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

மதியம், அடுக்குமாடியில் இருக்கும் காவ்யா அக்காவின் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து டம்ளர் சத்தம். ஒரு தட்டு என்றால் 'வா'. இரண்டு என்றால் 'தண்ணி'. விடாமல் தட்டினால் 'ஓடி வா'. வலி இருந்த காலத்தில் அம்மாவால் உதட்டை அசைக்க முடியாது. அசைத்தால் கன்னத்தில் கரண்ட் பாய்ந்த மாதிரி வெட்டும். அப்போது நாங்கள் இரண்டு பேரும் உண்டாக்கிக்கொண்ட பாஷை இது. போனேன். மேல் பலகையில் இருக்கும் பருப்பு டப்பாவை எடுத்துத் தர வேண்டுமாம். அதையும் கையால்தான் காட்டினாள்.

இப்போது பேசலாமே அம்மா. 'அருளு, இங்க வா.' அவ்வளவுதானே.

கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து ஊசியில் நூல் கோத்தேன்.

10 ஜூன்

அம்மா கடைசியாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எப்போது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்துக் கேட்டிருப்பேன்.

15 ஜூன், ஞாயிறு

இன்று தண்ணீர் லாரி வந்தது. குடங்களோடு நின்றபோது பழையதெல்லாம் வந்தது.

நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் சந்தில் அம்மா குரலுக்குத்தான் லாரிக்காரர் பயப்படுவார். வரிசையில் நின்றுகொண்டே, வீட்டுக்குள் இருக்கும் என்னைக் கூப்பிடுவாள். "அருமொயீ... அந்த பச்ச கொடத்த எட்த்தாடீ..." அருள்மொழி என்று நைனா ஆசையாக வைத்த பெயர் அம்மா வாயில் அருமொயி ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். நான் வெட்கத்தில் வேண்டுமென்றே தாமதமாக வெளியே வருவேன், அந்தக் குரலுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாதது மாதிரி.

வலி பல் வலி என்றுதான் முதலில் நினைத்தோம். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கிளினிக்கில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று அதையும் பிடுங்கினார்கள். பிறகு அதற்குப் பக்கத்துப் பல். நல்ல பற்கள். பல் இல்லை, நரம்பு என்று கண்டுபிடித்தபோது வலது பக்கம் மேலே கடைவாயில் ஒன்றுமே மிச்சமில்லை. அப்புறம் மாத்திரை. மாத்திரை போட்டால் அம்மா நின்றபடியே தூங்குவாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது நான் ஒன்பதாவது. நான் போய்விட்டால் அம்மாவுக்கு டம்ளர் சத்தம் கேட்க ஆள் இல்லை. முதலில் வாரத்தில் இரண்டு நாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை.

அந்த வருஷம்தான் நான் வயசுக்கு வந்தேன். சொர்ணம் அத்தை வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். கன்னத்தில் மஞ்சள் பூசும்போது நான் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே மாத்திரைத் தூக்கத்தில் இருந்தாள்.

பச்சைக் குடம் இன்னும் இருக்கிறது. இன்று அதைத்தான் கொண்டுபோனேன்.

22 ஜூன்

பயமாக இருக்கிறது.

அம்மா சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவ எடுத்தேன். மிச்சம் வைத்த சோற்றில் சிவப்பு. ரசம் என்று நினைத்தேன். இன்று ரசம் வைக்கவே இல்லை. ஓடிப்போய் அம்மா வாயைத் திறக்கச் சொன்னேன். வலது கன்னத்தின் உள்பக்கம் ஆழமாகக் கடிபட்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது. இவளுக்குத் தெரியவே இல்லை. கண்ணாடியைக் காட்டியதும், "ஓ" என்றாள். யாருக்கோ நடந்ததைப் போல.

ஆபரேஷன் செய்த டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். ஒரு ரத்தக்குழாய் நரம்பின் மேல் சாய்ந்து, துடிக்கும்போதெல்லாம் அதை இடித்துக்கொண்டே இருந்ததாம். இரண்டுக்கும் நடுவே பஞ்சு மாதிரி ஒன்றை வைத்துப் பிரித்திருக்கிறார்களாம். அது மட்டும் போதவில்லை, நரம்பிலும் கொஞ்சம் கை வைக்க வேண்டியிருந்தது, அதனால் அந்தப் பக்கம் மரத்துப் போகலாம் என்றார். அன்று மரத்துப்போவது பெரிய விஷயமாகவே படவில்லை. வலி இல்லாமல் இருந்தால் போதும் என்று நைனா கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் பயப்படுவது கடிக்கு இல்லை. அம்மா ஏன் திடீரென்று அந்தப் பக்கம் மெல்லுகிறாள்? இடது பக்கம் ஏதாவது வலிக்க ஆரம்பித்திருக்கிறதா? உள்ளே வைத்த பஞ்சு நகர்ந்திருக்குமா? அது எத்தனை வருஷம் அங்கேயே இருக்கும்?

ஏன் இப்போதெல்லாம் டம்ளர் அதிகமாகத் தட்டுகிறாள்?

25 ஜூன்

இன்றும் பேசவில்லை. துண்டைக் கன்னத்தில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். தலையை இல்லை என்று ஆட்டினாள். வலி இருந்த காலத்திலும் இப்படித்தானே ஆட்டுவாள்.

9 ஜூலை, புதன்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நைனா தன் ஷேர் ஆட்டோவிலேயே கூட்டிப்போனார். அம்மா நடு சீட்டில், முகம் முழுக்கத் துண்டு. நான் அம்மாவின் வலது பக்கம், காற்றுக்கு மறைப்பாக. அது என் இடம். வேறு யாரையும் அங்கே உட்காரவிட மாட்டேன்.

இந்தத் தடவை இளம் வயது டாக்டர், பெண். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "பஞ்சால தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க." இடது கன்னத்தில் தொட்டார். "படுது" என்றாள் அம்மா. நெற்றியில். "படுது." வலது கன்னத்தில் தொட்டார், இழுத்தார், உதட்டு ஓரத்தில் உருட்டினார். அம்மா சும்மா இருந்தாள். டாக்டர் கையை எடுத்துவிட்டார். பஞ்சு அவர் மடிக்கு வந்துவிட்டது.

அப்போது அம்மா சொன்னாள், "படுது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை எழுந்திருக்கும்போதுதான் கேட்டேன். குரலே வரவில்லை. இரண்டாவது தடவை கேட்டேன். வலி திரும்பி வருமா?

"வரலாம்மா. சிலருக்குப் பல வருஷம் கழிச்சும் வந்திருக்கு. ஆனா வர்றவங்களுக்குப் பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே வந்துடும். அம்மா அதத் தாண்டிட்டாங்க, மாத்திரையும் இல்லாம இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க." பிறகு, "மரத்துப்போனது இனிமே பெருசா மாறாது. அந்தப் பக்கம் கண்ணுல தூசி விழுந்தாகூடத் தெரியாம போகலாம். தினமும் ஒரு தடவை யாராவது பாத்துக்கணும்."

"இவதான் டாக்டரம்மா பாத்துக்கினு கீறா" என்றார் நைனா. பெருமையாகத்தான் சொன்னார். நான் அம்மாவின் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பும்போது கரையான்சாவடி சிக்னலில் நைனா பழைய கதையை ஆரம்பித்தார். குத்தம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்துவிட்டால் சவாரி கொட்டும், நமக்கும் விடியும் என்று. வருஷக்கணக்காகச் சொல்கிறார். அம்மா துண்டுக்குள்ளிருந்து சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு அதுகூடக் காதில் விழவில்லை. ஏன் பொய் சொன்னாள் என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

10 ஜூலை

கண்ணைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. தூசி இல்லை. அம்மா என் கண்ணைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

20 ஜூலை, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மா தானாகவே வருகிறேன் என்று எழுந்தாள். எனக்கு அப்படியே பறப்பது போல இருந்தது. எத்தனை வருஷம் கழித்து!

கோயில் பக்கத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்தோம். அம்மாவின் உதட்டு வலது ஓரத்தில் கூழ் வழிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த நாலைந்து சின்னப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டன. நான் என் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். அம்மா இடது பக்கம் துடைத்தாள். மறுபடி காட்டினேன். அதற்குள் தாவாங்கட்டை வரை இறங்கிவிட்டது. பிள்ளைகள் சிரித்துவிட்டன.

அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். வீட்டுக்கு வரும் வரை அவள் முந்தானையை எடுக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளை ஒன்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவாக இருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை அந்த இடத்திலேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அந்த அம்மா.

வலி இருக்கும்போது வலி போனால் போதும் என்று இருந்தது. போனதும் எனக்கு எல்லாமே வேண்டும் போல இருக்கிறது. இது பேராசையா?

10 ஆகஸ்ட், ஞாயிறு

சொர்ணம் அத்தை அண்ணனூரிலிருந்து வந்தாள். நைனாவின் அக்கா. அவள் மகள் ஸ்வாதி, எனக்கு முறைக்கு அண்ணி, ஏழு மாசம். ஆவணியில் வளைகாப்பு. தாம்பூலத் தட்டோடு அழைக்க வந்தவள் செருப்பை விடும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடி ராஜகுமாரி, இந்த வாட்டியாவது வருவியா? இல்ல உம் புருசன் மட்டும் வந்து பந்தில குந்திட்டு போவாரா? எங்க மாமியார் ஊட்டு சனம் கேக்குது, உந்தம்பி பொண்டாட்டி இன்னா எம்மாம் பெரிய ஆளான்னு."

அம்மா பெயர் ராஜகுமாரி. அதைச் சொல்லியே அத்தை குத்துவாள். அம்மா சிரித்துத் தலையாட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லேன். தலையாட்டறதுக்கு மாடா நீ?"

"அக்கா" என்றார் நைனா.

"நீ சும்மா கெடடா டில்லி. எல்லாத்துக்கும் குறுக்க வந்துடுவ." அத்தை என் பக்கம் திரும்பினாள். "இவ ஒருத்தி. பேசுன்னா பேச மாட்டா. ஒரு ஊட்ல ரெண்டு ஊமைச்சி. நீ எப்புட்றா தம்பி காலம் தள்ற?"

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. மெதுவாக, உதட்டைச் சேர்த்துச் சேர்த்து, "வரேன்கா" என்றாள்.

அத்தை போனதும் நான் நைனாவிடம் சொன்னேன், அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம். வளைகாப்பில் பெண்கள் எல்லாரும் சந்தனக் கையோடு திரிவார்கள். யாராவது கன்னத்தைத் தொட்டுவிட்டால்?

"தொட்டா இன்னா கண்ணு? அதான் டாக்டரம்மா நல்லா கீதுன்னு சொல்ட்சே."

நைனாவுக்கு எல்லாம் சுலபம்.

28 ஆகஸ்ட்

அம்மா பட்டுப்புடவையை எடுத்துக் காயப்போட்டாள். கரும்பச்சை. ஓரத்தில் நூல் பிரிந்திருந்ததைத் தைத்துக் கொடுத்தேன். நாளைக்கு அவள் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது.

29 ஆகஸ்ட், வெள்ளி

எப்படி எழுதுவது.

அத்தை வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். மொட்டை மாடியில் பந்தல். ஸ்வாதி அண்ணி சிவப்புப் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வளையல் தட்டு, சந்தனக் கிண்ணம், குங்குமம், ஓரத்தில் எலுமிச்சை சாதமும் புளிச்சோறும். அம்மாவை நான் வலது கன்னம் சுவர்ப்பக்கம் வரும்படி ஓர நாற்காலியில் உட்காரவைத்தேன். அந்தப் பக்கம் யாரும் வர முடியாது. அவள் முறை வந்தபோது எழுந்துபோய் அண்ணியின் இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசி, வளையல் போட்டு, நெட்டி முறித்தாள். நன்றாக இருந்தது பார்க்க. அண்ணியின் கன்னத்தில் அவள் விரல் போன விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பூத்தட்டை வாங்க யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம்தான் திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா அங்கேயே நடுவில் நிற்கிறாள். அத்தை இரண்டு கை நிறையச் சந்தனத்தோடு அம்மாவின் வலது பக்கமாக வருகிறாள், சிரித்துக்கொண்டே. "இவளுக்கும் ஒரு வாட்டி பூசலாம் வாங்கடி, எத்தினி வருசம் கழிச்சி வந்துகீறா..."

"தொடாதீங்க!"

அது என் குரல் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். "தொடாதீங்க அத்தே, எங்கம்மாவ தொடாதீங்க, அங்க தொடக்கூடாது—" அத்தை கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கைவளையல் உடைந்தது. ஒன்று இல்லை. அத்தனையும். கண்ணாடித் துண்டுகள் அண்ணி காலடியில் போய் விழுந்தன.

வளைகாப்பு வீட்டில் வளையல் உடைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் போனது, அது போய் முடியும் வரை எல்லோரும் நின்றார்கள். அண்ணியின் மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. பின்னால் யாரோ, "நல்ல நாளும் அதுவுமா" என்றார்கள். அத்தை மணிக்கட்டில் ஒரு கீறல், ரத்தம். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன்.

வலது கன்னம் முழுக்கச் சந்தனம். ஐந்து விரல் தடம். நான் ஓடி வருவதற்கு முன்பே பூசிவிட்டிருக்கிறாள் அத்தை.

அம்மாவுக்கு அது தெரியவில்லை. இவ்வளவு கூச்சல் எதற்கு என்று புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண் போன இடத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். விரலில் சந்தனம் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

பிறகு பேசினாள். சத்தமாக. அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

"எம்பொண்ணு மேல தப்பு இல்ல. என் மூஞ்சில கை பட்டா நான் துடிப்பேன், அத பாத்து பாத்து வளந்த புள்ள அது. வலி போய்ட்சி. அதுக்கு சொல்லத்தான் எனக்கு தெர்ல." வார்த்தைகள் குழறின. 'ப' வரும் இடத்தில் உதடு சரியாகச் சேரவில்லை. ஓரத்தில் எச்சில் வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. வளையல் தட்டிலிருந்து ஒரு கை வளையலை எடுத்தாள். "குடுக்கா கைய." அத்தையின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டாள். "ஒடஞ்சது ஒடஞ்சிட்டு போவுது. புதுசு போட்டாச்சி. ஸ்வாதிக்கும் இன்னோர் வாட்டி போடுங்க, அடுக்கி போடுங்க."

அத்தை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதோ என்னைக் கிழிக்கப் போகிறாள் என்று நின்றேன்.

"டாக்டரு ஒனுக்கு ஆப்ரேசன் பண்ணாரு, சரி" என்றாள் அம்மாவிடம். "இவளுக்கு பண்ண மறந்துட்டாரு போல கீதே."

முதலில் சிரித்தது ஸ்வாதி அண்ணிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எல்லோரும். அண்ணியின் மாமியாரும் கொஞ்சம். நான் அழுதுவிட்டேன். அத்தை புது வளையல் கையாலேயே என் கன்னத்தில் சந்தனம் அப்பினாள். "இன்னா தொண்டடி ஒனுக்கு. உங்கம்மா தொண்ட. எங்க வெச்சிகினு இருந்த இத்தினி நாளா?"

திரும்பி வரும்போது அம்மா துண்டைச் சுற்றிக்கொள்ளவில்லை. நான் வழக்கம்போல வலது பக்கம் உட்காரப் போனேன். "அந்தாண்ட போ" என்றாள். ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள். திருமுல்லைவாயல் தாண்டும்போது காய்ந்த சந்தனம் அவள் கன்னத்திலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்து காற்றில் போனது. அவளுக்கு அதுவும் தெரிந்திருக்காது.

30 ஆகஸ்ட்

நைனா சவாரிக்குப் போன பிறகு அம்மாவின் கண்ணைப் பார்க்க உட்கார்ந்தேன். பார்த்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. கேட்டேன். ஆஸ்பத்திரியில் பஞ்சு படாமலேயே ஏன் படுது என்று சொன்னாய்?

"நீ எம் மூஞ்சியவே பாத்துகினு நின்ன. இன்னா சொல்ல சொல்ற?"

கண்ணை மூடியிருந்தாயே, நான் பார்ப்பது எப்படித் தெரியும்?

"நீ எப்போ பாக்கல."

அப்புறம் டம்ளரைப் பற்றிக் கேட்டேன். வலி திரும்புகிறது, அதனால்தான் பேசாமல் தட்டுகிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அய்ய. அதுக்கா இப்பிடி சுத்திச் சுத்தி வந்த? வலியெல்லாம் இல்லடி. ஒரு பக்கம் வாயி எங்க கீதுன்னே தெர்ல எனுக்கு. பல்லும் இல்ல. சத்தமா கூப்ட்டா வார்த்த கொயறுது, எச்சி தெறிக்குது. நாலு பேரு பாத்து சிரிக்கவா? டம்ளருன்னா ஒரு தொந்தரவும் இல்ல."

நான் சிரிக்க மாட்டேன் என்றேன்.

பிறகு நானே கேட்டேன், தொட்டுப் பார்க்கட்டுமா. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பதினொரு வயசு இருக்கும்போது தொட்டது. விரல் கிட்டப் போனதும் என் கைதான் பின்னால் வந்தது. மறுபடி கொண்டுபோனேன். வைத்தேன். மெத்தென்று, கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. பல் இல்லாத இடத்தில் லேசாகக் குழி.

"தெரியுதா?"

"தெர்ல."

உதட்டோரம். "இப்போ?"

"தெர்ல."

உள்ளங்கை முழுவதையும் வைத்தேன். "சூடாவது?"

"ஒன்னுமே தெர்லடி." கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். "நீ மூச்சு வுடறது கேக்குது. கிட்ட கீறன்னு தெரியுது."

கையை எடுக்கவில்லை. சோறு கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தே போயிற்று.

7 செப்டம்பர்

ஃபேனை இந்தப் பக்கம் திருப்பினேன். நைனா, "அடேங்கப்பா, காத்து வருதுடா" என்று சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டார். அம்மா அவரைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

காலையில் மஞ்சள் பூசிக்கொள்ளும்போது அம்மா என்னிடம் முகத்தைக் காட்டுகிறாள். வலது பக்கம் திட்டுத்திட்டாக நின்றுவிடுகிறது. நான் சரிசெய்கிறேன்.

ஆனால் டம்ளர் இன்னும் தட்டுகிறாள். நான் ஒன்றும் கேட்பதில்லை.

21 செப்டம்பர்

அம்மாதான் ஆரம்பித்தாள். எட்டாவது பாஸ் பண்ணியிருந்தால் போதும், பத்தாவது தனியாக எழுதலாமாம். காவ்யா அக்காவிடம் அவளே போய்க் கேட்டிருக்கிறாள். ஆவடியில் டுட்டோரியல் இருக்கிறதாம், காலையில் மட்டும் வகுப்பு. அடுக்குமாடி வாசலில் நின்று அம்மா இதையெல்லாம் பேசினாள் என்பதையே என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் உடனே சொன்னேன், வேண்டாம். யார் கண்ணைப் பார்ப்பார்கள்? சாப்பிடும்போது கடித்துக்கொண்டால்? ஒருவேளை திரும்பி வந்துவிட்டால்?

"வந்தா வரட்டும். நீ குந்திகினு இருந்தா வராதா?"

என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் நடுவில் போய் எப்படி உட்காருவது என்றுதான் உள்ளே ஓடியது. அதை அம்மா முகத்துக்கு நேராகச் சொல்ல முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அவளிடமா சொல்வது?

6 அக்டோபர்

முதல் நாள். பெயர் கேட்டார்கள். சொன்னேன். காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லு என்றார் சார். சொன்னேன். கணக்கு ஒன்றுமே புரியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு பிள்ளைக்கு அம்மா.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணைப் பார்த்தேன். அம்மா, "நைனா பாத்ட்டாரு" என்றாள். நானும் ஒரு தடவை பார்த்தேன்.

23 அக்டோபர்

மழை. வகுப்பு இல்லை. போகவில்லையே என்று இருந்தது. எனக்கே வேடிக்கை.

12 நவம்பர், புதன்

இன்று காலை நடந்தது. எழுதி வைக்க வேண்டும்.

இரவு பெய்த மழையில் சந்தெல்லாம் சேறு. நேரமாகிவிட்டது என்று ஓடினேன். ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்ற பிறகுதான் பையைத் தடவினேன். சாப்பாட்டு டப்பா இல்லை. சரி, பரவாயில்லை என்று நின்றேன். ஸ்டாப்பில் கூட்டம். என் டுட்டோரியலில் படிக்கும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். பஸ் தூரத்தில் தெரிந்தது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது.

"அருமொயீ..."

லாரி ஹாரன், ஷேர் ஆட்டோக்காரர்கள் கத்தல் எல்லாவற்றுக்கும் மேலே. கொஞ்சம் குழறல். கடைசியில் ஒரு பக்கம் காற்றாகப் போய்விட்டது. ஆனால் அதே குரல். ஸ்டாப்பில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். அந்த இரண்டு பெண்களும் பார்த்தார்கள். ஒருத்தி, "யாரைக் கூப்பிடறாங்க?" என்றாள்.

என்னைத்தான்.

பஸ் வந்துகொண்டிருந்தது. டப்பா வேண்டும். எல்லாம் தெரியும். ஆனாலும் நான் உடனே திரும்பவில்லை. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன், காதில் விழாதவள் மாதிரி.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.